வெயிலுக்கும் ஒரு குளம் வேண்டும்

2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, வட்டக்கச்சியில் அக்கா வீட்டுக் குசினியில் அம்மா சம்பலுக்குச் செத்தல் மிளகாயை மிக்சியில் அரைத்துக்கொண்டிருந்தார். பதினொன்றரை மணியளவில் மிக்சி நின்றது. மாரி ஓய்ந்து வானம் வெளித்திருந்த நாள். முற்றத்துச் சீமெந்துத் தளத்தில் வெறுங்காலை வைக்க முடியாத வெயில். கூரையில் பத்துச் சூரியத் தகடுகள் அந்த வெயிலை முழுவதாக வாங்கிக்கொண்டிருந்தன. ஆனால் விறாந்தைச் சுவரில் மாட்டியிருந்த, தகடுகளின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வேட்டரில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு விளக்கு எரிந்தது. அம்மா வெளியே வந்து கூரையையும் இன்வேட்டரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "உச்சி வெயில் எறிக்குது, மேல தகடு மினுங்குது, வீட்டில ஒரு லைட்டுக்கும் கரண்ட் இல்லையே தம்பி?" என்று என்னைக் கேட்டார். அத்தான் வாய் திறக்கவில்லை. அந்தத் தகடுகளுக்காக வங்கியில் எடுத்த கடனில் நான்காவது தவணையைத்தான் அவர் அப்போது கட்டியிருந்தார். பூட்டித் தந்தவர்கள் "இனி உங்களுக்குக் கரண்ட் பிரச்சினையே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனது அவருடைய காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்திருக்கும்.

நான் கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு சிறிய நெல் ஆலையில் கணக்குப் பார்க்கிறவன். மாதாமாதம் மின்பட்டியலைக் கையில் எடுத்து முதலாளிக்கு விளக்கம் சொல்ல வேண்டிய பொறுப்பு என்னுடையது என்பதால், மின்சாரம் எங்கிருந்து வருகிறது, ஏன் இந்த விலைக்கு வருகிறது என்று விசாரிக்கும் பழக்கம் எனக்குத் தொற்றிக்கொண்டது. அப்படியிருந்தும் அம்மாவின் கேள்விக்கு அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுப் பதிலை எழுதிப் பார்க்கும் முயற்சிதான் இது.

அன்று இருண்டது எங்கள் வீடு மட்டுமில்லை, முழு நாடும். பாணந்துறையில் உள்ள உப மின்நிலையம் ஒன்றில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டுவிட்டது என்று அமைச்சர் சொன்னார். அனுமார் எரித்த இலங்கையை இந்தக் குரங்கு இருட்டாக்கிவிட்டது என்று சந்தியில் இரண்டு நாட்களுக்குப் பகிடி ஓடியது. பகிடிக்குக் கீழே ஒரு நியாயமான கேள்வி இருந்தது. பாணந்துறையில் ஒரு குரங்கு கைவைத்தால் வட்டக்கச்சியில் மிக்சி நிற்க வேண்டிய அவசியம் என்ன?

முதலில் அம்மாவின் கேள்வி. எங்கள் ஊர்க் கூரைகளில் இருக்கிற இன்வேட்டர்களில் மிகப் பெரும்பாலானவை தாமாக மின்சாரம் நடத்தத் தெரியாதவை. வீதியில் வரும் கம்பியில் 230 வோல்ட் அழுத்தமும் விநாடிக்கு 50 தடவை ஏறி இறங்கும் அலையும் இருக்கிறதா என்று பார்த்து, அந்தத் தாளத்துக்கு ஒத்துத்தான் அவை தங்கள் பங்கை உள்ளே தள்ளும். தாளம் நின்றால் அவையும் நிற்கும். இது குறைபாடு இல்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்யப்பட்டது. வீதிக் கம்பி செத்துவிட்டது என்று நம்பி மின்கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரை, கீழே ஒரு வீட்டுக் கூரையிலிருந்து வரும் மின்சாரம் கொன்றுவிடக் கூடாது. பற்றரியும், வீட்டை வீதியிலிருந்து பிரித்துக்கொண்டு தனியாக நடத்தக்கூடிய இன்வேட்டரும் இருந்தால் கதை வேறு. அவை இரண்டுக்கும் வேறாகப் பணம் வேண்டும் என்பதைப் பூட்டித் தந்தவர்கள் அத்தானுக்குச் சொல்லவில்லை, அல்லது அத்தானுக்கு விளங்கும்படி சொல்லவில்லை.

குரங்கின் கதைக்கு எங்கள் ஆலையின் பழைய எஞ்சின்தான் பொருத்தமான விளக்கம். மின்சாரம் வருவதற்கு முன்பு ஆலையை ஓட்டிய டீசல் எஞ்சினின் சில்லு இப்போதும் பின்வளவு வேம்பின் கீழே கிடக்கிறது. மூன்று பேர் சேர்ந்தாலும் புரட்ட முடியாத வார்ப்பிரும்பு. நெல் ஏற்ற வருகிற பொடியன்கள் அதில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள். ஆலைக்குள் ஒரேயடியாக நெல் கொட்டுப்பட்டுச் சுமை ஏறினால் எஞ்சின் முனகும், ஆனால் நிற்காது. சுழன்றுகொண்டிருக்கும் சில்லின் பாரம் அந்த இரண்டு மூன்று விநாடிகளைத் தாங்கிக் கொடுக்கும். அதற்குள் எஞ்சின் கூடுதலாக டீசலை இழுத்துத் தன்னைச் சரிப்படுத்திக்கொள்ளும். நாட்டின் மின்வலையமைப்பிலும் அதே வேலையைத்தான் லக்சபானவிலும் விக்டோரியாவிலும் சுழலும் நீர்ச்சுழலிகளும், நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில் நிமிடத்துக்கு 3000 தடவை சுழலும் நீராவிச் சுழலிகளும் செய்கின்றன. எங்கோ ஒரு பெரிய மின்நிலையம் அறுந்து விழுந்தால், மற்றவற்றின் சுழற்சிப் பாரம் சில விநாடிகளுக்கு அந்த இடைவெளியை நிரப்பும்.

சூரியத் தகட்டில் சுழல்வது எதுவும் இல்லை. ஞாயிறு நண்பகலில் அலுவலகங்களும் தொழிற்சாலைகளும் பூட்டிக் கிடக்க, நாட்டின் மின்சாரக் கேள்வி, அதாவது தேவை, மிகவும் இறங்கியிருந்தது. அந்தக் குறைந்த கேள்வியிலும் பெரியதொரு பங்கைக் கூரைகளிலிருந்து வந்த வெயில் மின்சாரம் நிரப்பிக்கொண்டிருந்தது. அதற்கு இடம்விடுவதற்காகச் சுழலிகள் பல நிறுத்தப்பட்டிருந்தன. சில்லு இல்லாத எஞ்சினில் ஒரு மூட்டை நெல் விழுந்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. தாளம் சரிந்தது, ஒவ்வொரு மின்நிலையமும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே கழன்றுகொண்டது, சில விநாடிகளில் தீவு முழுவதும் அணைந்தது. மாலைக்குள் கரண்ட் திரும்பிவிட்டது. ஆனால் நுரைச்சோலையின் மூன்று அலகுகளும், மொத்தம் 900 மெகாவாட், மீண்டும் சூடேறி வருவதற்கு நாட்கள் எடுத்தன. அந்த நாட்களில் ஒன்றரை மணிநேர மின்வெட்டு அட்டவணை திரும்பவும் வந்தது. 2022 இன் நீண்ட மின்வெட்டுகளை நினைத்து எல்லோருக்கும் வயிறு கலங்கியது.

வெயிலைக் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை. வன்னியில் இருந்துகொண்டு கரண்டைப் பற்றிக் குறை சொல்லும்போது நாக்கை அடக்கிப் பேச வேண்டும் என்பது என் எண்ணம். நான் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெய் தங்கத்துக்குச் சமம். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப்பின் வால்வுக்குள் திரியை நுழைத்து எரிப்போம். டோச் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. செய்தி கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். சுற்றுகிறவருக்குக் கை ஓய்ந்தால் செய்தியாளரும் ஓய்ந்துவிடுவார். மின்சாரம் என்பது ஒருவர் விடாமல் சுற்றிக்கொண்டிருந்தால்தான் மற்றவருக்குக் கிடைக்கும் என்ற பாடத்தை எங்கள் தலைமுறை அங்கேதான் படித்தது. பெரியவர்கள் "லக்சபானா கரண்ட்" என்று சொல்லிக்கொண்டிருந்த பொருளை நான் வீட்டுக்குள் கண்டது போர் முடிந்து மீள்குடியேறிய பிறகுதான், வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு 132 கிலோவோல்ட் கம்பி இழுக்கப்பட்ட பிறகுதான்.

வந்த கரண்டின் விலைக்கு வருகிறேன். அம்மா பழைய பட்டியல்களைப் பால்மா ரின்னுக்குள் சுருட்டி வைத்திருப்பார். தனியாக இருந்த காலத்தில் அவருடைய வீட்டில் இரண்டு பல்பு, ஒரு மின்விசிறி, ஒரு சிறிய தொலைக்காட்சி. மாதம் 28 யூனிட் அளவில் ஓடும். முதல் 30 யூனிட்டுக்கு யூனிட் ஒன்று 2 ரூபா 50 சதம், நிலையான கட்டணம் 30 ரூபா. ஆக மொத்தம் 100 ரூபா. 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதத்தால் ஏறியது. 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 சதவீதம் ஏறி, அதே முதற்படிக்கு யூனிட் 30 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா என்றானது. அதே 28 யூனிட்டுக்கு 1,240 ரூபா. பட்டியலைக் கொண்டுவந்து "மீட்டரில பிழை இருக்குப் போல" என்று அம்மா சொன்னபோது, மீட்டரில் பிழை இல்லை என்பதைச் சொல்வதற்குத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பிழை வேறிடத்தில் இருந்தது. 2013 க்குப் பிறகு 2022 வரை கட்டணம் ஒருமுறையேனும் உயர்த்தப்படவில்லை. தேர்தல் காலங்களில் குறைக்கவும் செய்தார்கள். உற்பத்திச் செலவுக்கும் கட்டணத்துக்கும் இடையிலான பள்ளத்தை மின்சார சபையின் கடன் நிரப்பிக்கொண்டிருந்தது. எரிபொருள் வாங்க டொலர் இல்லாமல் போன 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வெட்டினார்கள். பத்தாண்டுகளாகத் தள்ளிப்போட்ட விலை ஆறே மாதத்துக்குள் ஏழையின் வாசலில் வந்து நின்றது. மலிவு என்று நாங்கள் நம்பியிருந்தது மலிவு இல்லை, கடன். பிறகு கட்டணம் பல தடவை இறங்கியது, 2025 ஜனவரியில் மட்டும் 20 சதவீதம் குறைந்தது, அதே ஆண்டு ஜூனில் 15 சதவீதம் கூடியது. இந்த ஏற்ற இறக்கத்தில் ஆலை முதலாளி போன்றவர்களால் ஓர் ஆண்டுக் கணக்கைக்கூட முன்கூட்டிப் போட முடிவதில்லை.

விலையில் ஒரு பகுதி பட்டியலில் ஏறுவதே இல்லை என்பதையும் வடக்கில் இருப்பவர்கள் மறக்க மாட்டார்கள். சுன்னாகத்தில் எண்ணெயில் ஓடிய மின்நிலையத்தின் கழிவு கிணறுகளில் கலந்ததும், 2019 இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு செலுத்தும்படி தீர்ப்பளித்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. எரிபொருளில் வரும் மின்சாரத்தை விட்டு வெயிலுக்கும் காற்றுக்கும் மாற வேண்டும் என்பதற்கு எனக்கு வேறு வாதம் தேவைப்படவில்லை. 2030 க்குள் 70 சதவீத மின்சாரத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது அரசின் இலக்கு. இலக்கைப் பற்றி வழக்கில்லை. ஆனால் 70 சதவீதம் என்பது ஆண்டுக் கணக்கு. அம்மா விளக்கைப் போடுவதோ ஆறரை மணிக்கு.

இந்த நேரக் கோளாறை 2025 சித்திரைப் புத்தாண்டு நன்றாகக் காட்டிக் கொடுத்தது. விடுமுறையில் நாடு பூட்டிக் கிடக்கும், கேள்வி விழும், வெயிலோ சித்திரை வெயில். பெப்ரவரியில் சூடுபட்ட மின்சார சபை, ஏப்ரல் 13 முதல் 21 வரை பகலில் பிற்பகல் மூன்று மணி வரைக்கும் கூரைச் சூரிய மின்சாரத்தை நிறுத்திவைக்கும்படி உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அத்தான் புத்தாண்டு அன்று குளித்து, கோயிலுக்குப் போய்வந்து, கைவிசேடம் கொடுத்துவிட்டு, இன்வேட்டரின் ஆளியைக் கீழே இறக்கினார். பதினொரு மணி வெயில் அன்று தகடுகளைச் சூடாக்கியதோடு சரி. அதே நாள் இரவு ஏழரைக்கு, நாட்டில் எங்கோ ஒரு மின்நிலையம் அத்தானின் வீட்டு விளக்குக்காக எரிபொருளை எரித்துக்கொண்டிருந்தது.

இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல் செய்கிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை. மார்கழியில் குளம் 36 அடிக்கு முட்டி, வான்கதவுகளைத் திறந்து, கனகராயன் ஆற்றின் வழியே தண்ணீர் சுண்டிக்குளம் கடல்நீரேரிக்குப் போகும்போது ஊரே போய்ப் பார்க்கும். ஆனியில் அதே தண்ணீருக்காக ஊரே அண்ணாந்து பார்க்கும். மழை பெய்வது ஒரு காலம், நெல் கேட்பது இன்னொரு காலம். இரண்டுக்கும் இடையில் ஒரு குளக்கட்டு இருந்தால்தான் சிறுபோகம். புத்தாண்டு அன்று அத்தான் செய்தது வெயிலை வான்பாய விட்டதுதான். வன்னியை ஆண்டவர்களும் வாழ்ந்தவர்களும் மழையைக் குறை சொல்லிக்கொண்டிருக்கவில்லை, கட்டுக்கரை, வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று கட்டு எழுப்பினார்கள். மின்சாரத்தில் நாங்கள் இப்போது தகடுகளை மட்டும் வாங்கிக் குவித்திருக்கிறோம். குளம் வெட்டுவதை மறந்துவிட்டோம்.

மின்சாரத்துக்குக் குளம் இரண்டு வகையில் வெட்டலாம். ஒன்று உண்மையாகவே குளம்: மேலே ஒன்றும் கீழே ஒன்றும் வைத்து, நண்பகல் மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, இரவில் இறக்கிச் சுழலியைச் சுற்றுவது. மகா ஓயாவில் 600 மெகாவாட் அளவில் அப்படி ஒன்று பல ஆண்டுகளாகத் திட்டத்தில் இருக்கிறது. அது வந்தால் சுழலும் பாரமும் சேர்ந்து வரும் என்பதால் குரங்குப் பிரச்சினைக்கும் மருந்தாகும். ஆனால் கட்டி முடிக்க ஆண்டுகள் செல்லும். மற்றது பற்றரி. 2010 இல் இருந்த விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இலித்தியம் பற்றரி இன்று வந்துவிட்டது, அதுவும் மாதக் கணக்கில் நிறுவி முடிக்கக் கூடியது. உப மின்நிலையங்களில் பெரிய பற்றரித் தொகுதிகளை வைப்பதற்குக் கேள்விப்பத்திரங்கள் கோரப்பட்டிருப்பதை, தாமதமாக வந்தாலும் சரியான திசை என்றே நான் பார்க்கிறேன். டோச் பற்றரி நான்கை மறைத்துக் கொண்டுவந்ததற்காக மனிதர்கள் அடிவாங்கிய வீதியால் ஒருநாள் கொள்கலன் கொள்கலனாகப் பற்றரி வரக்கூடும் என்று நினைக்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

குளம் வெட்டினால் அடுத்த கேள்வி, தண்ணீரைத் திறந்துவிடும் துருசு யார் கையில் என்பது. சிறுபோகத்துக்கு முன்பு மாவட்டச் செயலகத்தில் கூட்டம் நடக்கும். நீர்ப்பாசனத் திணைக்களம் குளத்தில் இருக்கும் தண்ணீரைச் சொல்லும். அந்தத் தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் என்று முடிவாகும். அந்த ஏக்கர் கமக்காரர்களுக்கு இடையில் பங்கிடப்படும். சண்டை வரும், கதிரை இழுபடும், இன்னாருக்குக் கூடிவிட்டது என்று பெட்டிசம் எழுதப்படும். இருந்தாலும் இருக்கிற அளவும் பங்கும் எல்லோருக்கும் முன்னால் சொல்லப்படும். இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது எங்கள் கமக்காரர்கள் எதிர்த்ததற்கும், கடைசியில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் எழுந்ததற்கும் பின்னால் இருந்தது தண்ணீர்ப் பற்றாக்குறை மட்டும் இல்லை. வறண்ட ஆண்டில் முதலில் யாருடைய வாய்க்கால் பூட்டப்படும் என்ற கேள்விக்கு யாரும் தெளிவாகப் பதில் சொல்லவில்லை. மின்சாரத்திலும் அதே கேள்வி இருக்கிறது. நண்பகலில் மிச்சம் வந்தால் யாருடைய தகடு முதலில் அணைக்கப்பட வேண்டும், அணைத்ததற்கு ஈடு உண்டா, தனிக் கம்பெனியின் பத்து மெகாவாட்டும் அத்தானின் ஐந்து கிலோவாட்டும் ஒரே தராசிலா என்பதற்கு ஒழுங்கு வேண்டும். புத்தாண்டுக்குப் புத்தாண்டு வேண்டுகோள் விட்டு இதை நடத்த முடியாது.

மன்னாரை விட்டுவிட்டு வன்னியின் மின்சாரத்தைப் பேசவும் முடியாது. மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளோடு சுமார் 100 மெகாவாட் அளவில் எழுந்த தம்பபவனி 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே பளையில் காற்றாலைகள் சுழலத் தொடங்கியிருந்தன. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரைக்கும் சோளகக் காற்று அங்கே மனிதரைத் தள்ளும் வேகத்தில் வீசும், இரவிலும் வீசும். இரவில் வீசுகிறது என்பதுதான் அதன் பெருமை. ஆனால் அதே மாதங்களில்தான் மலையகத்தின் மேற்குச் சரிவில் மழை கொட்டி நீர்மின் நீர்த்தேக்கங்களும் நிரம்பும். மாசி, பங்குனி, சித்திரையில் காற்றும் தளரும், நீர்த்தேக்கமும் வற்றும், வெக்கையால் கேள்வியோ உச்சிக்கு ஏறும். அப்போது தாராளமாக இருப்பது வெயில் ஒன்றுதான், அது ஆறு மணிக்குப் போய்விடும். இந்த மூன்று மாத இரவுகளை எப்படிக் கடப்பது என்பதுதான் கணக்கின் கடினமான பகுதி. மேடைப் பேச்சுகளில் இந்தப் பகுதி வருவதில்லை. ஒரு நாள் பகலை அன்றைய இரவுக்குக் கடத்தப் பற்றரி போதும். ஆனால் அது புரட்டாதிக் காற்றைப் பங்குனிக்குக் கடத்தாது. அதற்காக நுரைச்சோலையோ எரிவாயுவோ இன்னும் சில காலத்துக்கு நின்றுதான் ஆக வேண்டும். ஓடாமல் தயாராக நிற்பதற்கும் கூலி உண்டு, அந்தக் கூலியும் எங்கள் பட்டியலில்தான் ஏறும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்று மின்சாரத்துக்கு அதானி நிறுவனத்தோடு யூனிட் 8.26 அமெரிக்க சதத்துக்குப் பேசி முடித்தார்கள். விலை கூட என்று அடுத்து வந்த அரசு மீளாய்வைத் தொடங்க, 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. திறந்த போட்டியின்றிப் பேசிய விலையைப் பிறகு யாரும் நியாயப்படுத்த முடியவில்லை என்பதே இதில் எனக்குத் தெரியும் பாடம். அதே ஆண்டு ஓகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கும் மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் வீதிக்கு வந்தார்கள். வெள்ளம் வடிந்தோட வழியில்லாமல் போகிறது, கரைவலைக்கு மீன் வருவதில்லை, வலசைப் பறவைகளின் வழி அடைபடுகிறது என்பவை அவர்களுடைய முறைப்பாடுகள். வங்காலை சரணாலயம், உலக முக்கியத்துவமுள்ள சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2010 இலேயே சேர்ந்தது. இவற்றில் எதற்கு எவ்வளவு ஆதாரம் என்று தனித்தனியாக வாதாடலாம். ஆனால் தீவு முழுவதற்கும் ஓடும் மின்சாரம் தன் தலைக்கு மேலே சுழலும்போது, தன் பட்டியலில் ஒரு சதமும் குறையாததை ஒரு மன்னார்க் கடற்றொழிலாளி கவனிக்காமல் இருப்பாரா? காற்று வீசும் ஊருக்குப் பங்கு கொடுக்காமல் காற்றாலையை நட்டால் அந்தத் திட்டம் தாமதமாகும், தாமதத்தின் வட்டியும் கடைசியில் யூனிட்டின் விலையில்தான் சேரும்.

பெரிய கணக்கிலிருந்து எங்கள் ஒழுங்கைக்குத் திரும்புகிறேன். அக்கா வீடு மின்மாற்றியிலிருந்து நெடுந்தூரம் வரும் கம்பியின் கடைசியில் இருக்கிறது. மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கும் மோட்டரும் ஓடும்போது அங்கே அழுத்தம் விழும். மோட்டர் உறுமும், தண்ணீர் ஏறாது. நண்பகலில் நேர்மாறு: அந்தக் கம்பியில் நான்கு வீட்டுக் கூரைகள் ஒரேயடியாகத் தள்ளுவதால் அழுத்தம் மேலே ஏறி, இன்வேட்டர் தன்னைத்தானே கழற்றிக்கொள்ளும். வெளிக்குப் போன யூனிட் குறைந்ததைப் பட்டியலில் கண்டு அத்தான் தகடுகளில் தூசி படிந்துவிட்டது என்று நினைத்து இரண்டு ஞாயிறு கூரையில் ஏறிக் கழுவினார். தூசியில்லை, கம்பி மெல்லியது. கூரைக்குக் கடன் கொடுக்க வங்கிகள் இருக்கின்றன. கம்பியைத் தடிப்பாக்கவும் மின்மாற்றியை மாற்றவும் செலவழிப்பது யார் என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். கூரை பலமில்லாத, வங்கி நம்பாத தகரக் கொட்டில்காரர் அந்தச் செலவின் பங்கைத் தன் நிலையான கட்டணத்தில் கட்டுவார் என்றால், தகடுகளால் அத்தானுக்கு வரும் மாத வருமானத்தில் கொஞ்சம் அவருடைய சட்டைப்பையிலிருந்து வந்தது என்றாகிவிடும். அத்தானிடம் இதைச் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நண்பகல் மிச்சத்தைச் சேமிப்பதைவிட மலிவானது, அதை நண்பகலிலேயே தின்பது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் பாய்ந்தபோது, மேட்டுநிலத்தில் மிளகாயும் கச்சானும் செய்தவர்கள் பம்பை ஓட்ட முடியாமல் பயிரை வாடவிட்டார்கள். அந்தப் பம்புகள் பகல் மின்சாரத்துக்கு மாறினால் இரண்டு பக்கமும் நன்மை. ஒரு எச்சரிக்கை மட்டும். மண்ணெண்ணெய்க்குக் காசு கொடுத்தபோது இரண்டு மணிநேரத்தோடு பம்பை நிறுத்தியவர், சும்மா வரும் வெயிலில் நாள் முழுவதும் இறைப்பார். கிணறு ஊறுவதற்கும் ஒரு வேகம் உண்டு. கடலோரப் பக்கங்களில் அதை மீறினால் உவர் ஏறும்.

எங்கள் ஆலை இதை எவரும் சொல்லாமலே பழகிவிட்டது. நெல்லை அவிப்பது உமி அடுப்பில், இரவு. காயவிடுவது தளத்தில், வெயிலில். குத்துவதற்குத்தான் மோட்டர் வேண்டும், அதைப் பகல் முழுவதும் ஓட்டலாம். நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் மாறும் முறையில் மாலை 6.30 இலிருந்து இரவு 10.30 வரைக்கும் யூனிட் உச்ச விலை; அதனால் ஆறேகாலுக்கு முதலாளி மணிக்கூட்டைப் பார்ப்பார், ஆறு இருபதுக்கு மோட்டரின் கைபிடியை இறக்குவார்கள். பட்டைகள் மெல்ல ஓய்ந்து, தவிட்டுத் தூசி தரையில் படியும்வரை நான் கணக்குக் கொப்பியை மூடுவதில்லை. மீன்பிடித் துறைகளின் ஐஸ் ஆலையும், ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பெரிய பம்பும், கோழிப்பண்ணையும் இப்படிப் பகலுக்கு நகரலாம். ஆனால் ஒன்று: பகலில் மலிவு என்று மீட்டர் சொல்ல வேண்டும். அம்மாவின் மீட்டருக்குப் பகலும் இரவும் ஒரே விலை, அதற்கு நேரம் பார்க்கத் தெரியாது.

சென்ற கிழமை அக்கா வீட்டுக்குப் போனபோது அத்தான் பற்றரி விலை விசாரித்து வந்திருந்தார். இரவு முழுவதும் வீட்டை நடத்தும் ஒன்று, நான்கு மணிநேரம் விளக்கும் விசிறியும் ஓடும் சிறிய ஒன்று என இரண்டு கடதாசிகள். உச்ச நேரத்தில் பற்றரியிலிருந்து வெளியே விடும் யூனிட்டுக்குக் கூடுதல் விலை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த வரியை இரண்டு தடவை வட்டமிட்டிருந்தார். "எட்டு வருசத்தில பற்றரி செத்துப்போனா கணக்கு என்ன?" என்று என்னைக் கேட்டார். இருவரும் பழைய மின்பட்டியல் ஒன்றின் பின்பக்கத்தில் கூட்டிக் கழித்துப் பார்த்தோம். பெரியது கட்டாது, சிறியது இழுத்துப் பறித்துக் கட்டும். அக்கா தேநீரை வைத்துவிட்டு, "முதல்ல காலபோகம் வெட்டி முடியட்டும்" என்றார். விறாந்தையில் இருட்டத் தொடங்கியிருந்தது. இன்வேட்டரின் திரையில் 40 வாட் என்று நின்ற எண் 20 ஆகி, பிறகு அணைந்தது. அம்மா எழுந்து போய் சாமியறை விளக்கின் ஆளியைத் தட்டினார்.